சாருடன் கொல்லிமலைக்கு

பிப்ரவரி 6, வியாழன்: வேலூர்

காட்பாடியில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. ஆட்டோக்காரர் முதலில் வங்காளத்தில் பேசினார், பிறகு இந்தியில். நான் திருநெல்வேலித் தமிழில் வாடகை கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, இந்த நேரத்தில் பையும் ஃபைலுமாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான்" என்றார். 300 ரூபாய் கேட்டு 250-க்கு இறங்கி வந்தார்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து தமிழோடு தோளுரசி நிற்கிறது. மீனும் சோறும் போடும் மெஸ், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு விடும் லாட்ஜ், ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டே டீ குடிக்கும் குடும்பங்கள். நான் எடுத்த அறை 800 ரூபாய். மேலாளர் பேரேட்டைத் திறந்துகொண்டு, "எந்த டிபார்ட்மென்ட் அம்மா?" என்றார். சிகிச்சைக்கு வரவில்லை, ஒரு பெரியவரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், சாவியைக் கொடுப்பதற்கு முன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

பெரியவர் என்றது எங்கள் சாரை. வயது 84. மழை பொய்த்துக்கொண்டே இருக்கும் ஓர் ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1990-களின் நடுவில், எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவள் நான். இன்று பாளையங்கோட்டையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகப் பிழைக்கிறேன் என்றால் அது அவரிடம் கற்ற தொழில். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. "எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரை மட்டும் போடாதே. ஊரில் எனக்குக் கடன்காரர்கள் இருக்கிறார்கள்" என்று இன்று காலையிலேயே நிபந்தனை போட்டுவிட்டார்.

காட்பாடியில் சின்ன வீடு. ஆன்ட்டி, அதாவது சாரின் மனைவி, காலமான பிறகு சமையலுக்கு ஓர் அம்மாள் வந்து போகிறார். மதியம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு. காம்பில் முள் குத்தும், உள்ளே வெண்ணெயாய்க் குழையும் காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையைச் சமையல்கார அம்மாளே பரிமாறும்போது சொன்னார். சாப்பாட்டுக்கு முன் சார் செய்த ஜெபம் ஒரே வரி. அந்தக் காலத்திலும் அப்படித்தான். ஆபரேஷன் மேஜையருகே நின்று, "ஆண்டவரே, என் கையையும் மயக்க மருந்து கொடுப்பவரின் கண்ணையும் காத்துக்கொள்ளும்" என்பார், கத்தியை எடுத்துவிடுவார். நீண்ட ஜெபத்தை அவர் நோயாளியைக் காக்க வைக்கும் செயலாகவே கருதினார்.

நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிறு பள்ளி, மனப்பாட வசனம், பரிசாகக் கிடைக்கும் பேனா எல்லாம் உண்டு. ஆனால் விசுவாசத்துக்கும் டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று காட்டியவர் இவர். அவருடைய வார்டில் சீட்டின் முன்பக்கம் மருந்து எழுதினால் போதாது. பின்பக்கம் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: இவர் ஊருக்கு எப்படிப் போகிறார், வீட்டில் சமைப்பது யார், கட்டு மாற்றப்போவது யார். முதல் கேள்விக்கு "பஸ்" என்று எழுதினால், "கையில் காசு இருக்கிறதா?" என்று சிவப்பு மையில் திரும்பி வரும். இல்லையென்றால் அவர் சட்டைப்பையிலிருந்து போகும். ஞாயிறு மாலைகளில் இளம் டாக்டர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, ரசமும் ஆம்லெட்டும் போட்டு, ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும் அதைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார். "ஆறாம் படுக்கைக்காரர் இன்று சாப்பிட்டாரா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கெல்லாம் நேரில் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். மோர் ஊற்றும் கட்டத்தில், "சார், நான் உங்களிடம்" என்று தொடங்கினேன். "ஊறுகாய் எடுத்துக்கொள்" என்றார். மறுபடி தொடங்கினேன். "நீ எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் கொல்லிமலைக்குக் கூட்டிக்கொண்டு போ. பிராண்ட் குடும்பத்துக் கல்லறைகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்றார். தொழுநோய் அறுவை சிகிச்சைக்குப் பேர்போன டாக்டர் பால் பிராண்டின் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் அடக்கம்.

84 வயது. 70 கொண்டை ஊசி வளைவுகள். சமையல்கார அம்மாள் என்னை முறைத்தார், யோசனை என்னுடையது என்பதுபோல.

பிப்ரவரி 7, வெள்ளி: கரிகிரி

கார் நாளைக்குத்தான் கிடைத்தது. அதனால் இன்று கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரி. வெயில் பிப்ரவரிக்கு மீறி அடித்தது. ஆனால் வளாகத்துக்குள் நுழைந்ததும் நிழல். 1955-ல் ஆஸ்பத்திரி தொடங்கியபோது இது முள்ளும் பாறையுமான பொட்டல். எலும்பு அறுவை நிபுணரான டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி இங்கே வேலை பார்த்த ஆண்டுகளில் மரம் நட்டு நட்டு இதைக் காடாக்கினார். சார் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்ததில் நூறு அடி நடக்க அரை மணி நேரம் ஆனது.

சார் மாணவராக வேலூரில் இருந்த காலத்தில் பால் பிராண்ட் அங்கே இருந்தார். 1966-ல்தான் அமெரிக்காவுக்குப் போனார். அவர் பின்னால் வார்டில் நடந்த கூட்டத்தில் சாரும் ஒருவர். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்தவர் பிராண்ட். மருத்துவத்துக்கு வருவதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். வேலூருக்கு 1946-ல் வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன விரல்களுடைய ஒருவரிடம், தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடியில் வலித்தது பிராண்டுக்கு. மடங்கிய கையிலும் நல்ல தசை மீதம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. முன்கையில் வேலை செய்யும் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது.

அதைவிடப் பெரியது அவருடைய மற்ற கண்டுபிடிப்பு என்று சார் நினைக்கிறார், நானும்தான். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுகின்றன என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். நோய் நரம்பை மரக்கடிக்கிறது. வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். அழிவு அங்கிருந்து வருகிறது என்று பிராண்டின் குழு காட்டியது. இரவில் தூங்கும்போது எலி கடிப்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

காலணிப் பட்டறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர் சாரை அடையாளம் கண்டு எழுந்தார். குடியாத்தம் பக்கத்துக்காரர். சார் நலம் விசாரிப்பதற்கு முன், "செருப்பைக் கழற்றும்" என்றார். மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்துத் தைத்த கறுப்புச் செருப்பு. வலது கையை அதற்குள் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, குதிகாலிலிருந்து முன்பக்கம் வரை, அரிசியில் கல் தேடுகிறவரைப் போல விரல் நுனிகளால் தடவிக்கொண்டே போனார். கட்டைவிரல் வரும் இடத்தில் நின்றார். மீண்டும் தடவினார். வார் தைத்த நூலின் முடிச்சு ஒன்று மேலே புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நானும் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பட்டறைத் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போய் அதை நறுக்கி, தட்டி, கொண்டுவந்தார்.

காலைப் பார்ப்பதற்கு முன் செருப்பைப் பார் என்பது அவருடைய முதல் பாடம். கால் புண் வீச்சம் தாங்காமல் நாங்கள் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்த நாட்களில், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, தடித்த தோலைச் சீவுவார். ஸ்டூல் எங்களுக்கு. கண்காணிப்பாளர் தரையில் இருக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது எத்தனை சங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் தரைக்கு வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில் ஆம்பூர் பிரியாணி, 180 ரூபாய். தொட்டுக்கொள்ள மறுபடியும் கத்தரிக்காய். இந்த மாவட்டத்தில் தப்ப முடியாது.

பிப்ரவரி 8, சனி: கொல்லிமலை

காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார். இரண்டு நாளைக்கு 9,500 ரூபாய், ஓட்டுநர் படி தனி. ஓட்டுநர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் தம்பி. நெற்றியில் பளிச்சென்று திருநீறு. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ராசிபுரம் என்று நெடுஞ்சாலையில் அருமையாக ஓட்டினார். சார் தருமபுரிக்கு அருகே இரண்டு இட்லி சாப்பிட்டார். அதில் ஒன்றைப் பாதியிலேயே என் தட்டுக்குத் தள்ளினார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் கார் நின்றது. தம்பி இறங்கினார், மலையைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அம்மா, ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மலை ஏறினால் தலை சுற்றும். வேலூரிலேயே சொல்லியிருப்பேன், முதலாளி திட்டுவார் என்று பயம்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சார் கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "சரியாகச் சொன்னாய் தம்பி. பாதி வழியில் சொல்லியிருந்தால்தான் கஷ்டம். பஸ் எப்போது?" என்றார்.

அரசு பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கண்டக்டர் சாரைப் பார்த்ததும் முன் இருக்கையில் இருந்த இரண்டு பையன்களை எழுப்பிவிட்டார். சாரோ பையன்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. முப்பதுகள் வரை வேடிக்கை பார்த்தேன். அதற்குப் பிறகு பலகைகளைப் பார்க்க முடியவில்லை. நாற்பத்து ஏதோ ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாயிற்று. மலைவாழ் பெண் ஒருவர் பின்னிருக்கையிலிருந்து என் முதுகைத் தடவி, முந்தானை முடிச்சிலிருந்து இஞ்சி மரப்பா எடுத்து வாயில் திணித்தார். "முதல் தடவையா கண்ணு? இறங்கும்போது வராது" என்றார். சார் கைக்குட்டையை நீட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வளைவுகளிலேயே சற்றுக் கண்ணயர்ந்திருந்ததாகவும் சந்தேகம்.

சோளக்காட்டில் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. சாலையோரம் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள்; பச்சையும் கறுப்புமாகக் கலந்து கிடந்தது. ஒரு கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப், கோப்பை 30 ரூபாய். ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் படர்ந்த கிழங்கு. முட்டிவலி பறந்துவிடும் என்று கடைக்கார அம்மா அடித்துச் சொன்னார். சார் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "முட்டிக்கு எப்படியோ, இந்த மிளகு தொண்டைக்கு நல்லது" என்று சான்றிதழ் வழங்கினார். நான் இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் வயிறு அடங்கியது.

செம்மேட்டில் அறை 1,500 ரூபாய். சுடுதண்ணீர் காலையில் மட்டும், ஆளுக்கு ஒரு வாளி. ராத்திரி கரண்ட் போனது. அடுத்த அறையிலிருந்து சார் குரல் கொடுத்தார்: "பயமாக இருக்கிறதா?" இல்லை என்றேன். "எனக்கும் இல்லை. சும்மா கேட்டேன்."

பிப்ரவரி 9, ஞாயிறு: வாழவந்தி

விடிந்ததும் அறை வாசலில் ஓட்டுநர் தம்பி. முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார், முகம் வெளிறிப்போய். "பெரியவரைத் தனியாக விட்டுவிட்டோமே என்று தூக்கம் வரவில்லை அம்மா." நேற்றைய கோபத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

மூன்று பேருமாக ஆராதனைக்குப் போனோம். சின்ன ஆலயம், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பாயில். ஒலிபெருக்கி மட்டும் ஆலயத்தைவிட நாலு மடங்கு பெரிய ஊருக்கானது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். சாட்சி சொல்லும் வேளையில் போதகர் வெளியூர்க்காரர்களை அழைத்தார். சார் அசையவில்லை. நான் எழுந்தேன்.

சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன். சீட்டின் பின்பக்கம், செருப்புக்குள் கை, தரையில் உட்கார்ந்தது, என் அப்பா இறந்த வாரம் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டு என் இரவுப் பணியையும் அவரே பார்த்தது, திரும்பி வந்தபோது அதைப் பற்றி மூச்சுவிடாதது. ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உட்கார்ந்ததும் சாரைத் திரும்பிப் பார்த்தேன். காது கேட்கும் கருவி அவர் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது. ஒலிபெருக்கி இரைச்சல் தாங்காமல் முதல் பாட்டிலேயே கழற்றிவிட்டாராம்.

பிறகு கல்லறைகளுக்குப் போனோம். ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் அருகருகே. மலேரியாவுக்குப் பேர்போன மலை அன்று இது. ஜெஸ்ஸி மருத்துவம் பார்த்தார், பள்ளி நடத்தினார், மக்களின் காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார். 1929-ல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். எவலின், மிஷன் ஓய்வு கொடுத்த வயதில், எழுபதை நெருங்கும்போது, இந்த மலைக்கே திரும்பி வந்தார். மட்டக் குதிரை, இரண்டு மூங்கில் தடி, விழுந்து உடைந்த இடுப்பு. எதுவும் அவரை நிறுத்தவில்லை. கல்வராயன் மலை, பச்சைமலை என்று மற்ற மலைகளுக்கும் போனார். 1974-ல், 95 வயதில் இறந்தார். இளம் டாக்டராக ஒரு முகாமுக்கு மருந்துப் பெட்டி தூக்கி வந்த சார், அவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

கல்லறை முன் சார் ஜெபிப்பார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் தடியால் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டே, "அந்தப் புழு இந்தியாவில் கடைசியாக எந்த வருடம் வந்தது, சொல்" என்றார். 1996 என்றேன். "சரி" என்றார். முப்பது வருடம் கழித்தும் வாய்மொழித் தேர்வு.

டீக்கடையில் தம்பிதான் பேச்சை எடுத்தார். "ஐயா, அம்மா கோயிலில் உங்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள்."

"என்ன சொன்னாள்?"

"நீங்கள் செருப்புக்குள் கைவிட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தீர்களாம்."

"அது பிராண்ட் காலத்திலிருந்து எல்லோரும் செய்வது" என்று சார் டீயை ஆற்றினார். தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை என்றும், செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை என்றும் சொன்னார். சார் டீயைக் கீழே வைத்தார். "நாளை காலை ஒன்பது மணிக்கு அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. தினமும் போடுகிற செருப்போடு. புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டு வரக் கூடாது."

இறங்கும்போது எனக்கு வரவில்லை, அந்தப் பெண் சொன்னபடியே. தம்பிதான் பையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வேலூர் வந்து சேர இரவு பத்தரை.

பிப்ரவரி 10, திங்கள்: காட்பாடி

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் முன்பே அப்பாவும் மகனும் திண்ணையில். அப்பா கட்டட மேஸ்திரி. டாக்டர் வீட்டுக்கு வருவதால் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். சார் நாற்காலியில் உட்கார்ந்து, "நீ பார், எனக்குக் கண் பற்றாது" என்றார். மூன்று நாளைக்கு முன் நூல் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவர்.

செருப்பில் ஆணியும் இல்லை, கல்லும் இல்லை. ஆனால் இடது பக்கம் முன்பாதி தேய்ந்து தகடாகியிருந்தது. அதற்கு நேரே பாதத்தில் தோல் தடித்து, நடுவில் கறுத்து ஒரு பொட்டு. நைலான் இழையால் தொட்டுப் பார்த்தேன். பெருவிரலிலும் அந்தப் பொட்டைச் சுற்றியும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "சிமெண்டில் நிற்கிற கால், அப்படித்தான் இருக்கும் அம்மா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தரையில் உட்கார்ந்து தடிப்பைச் சீவினேன். உள்ளே புண் இன்னும் வாய் திறக்கவில்லை. கரிகிரிக்கு எழுதிக் கொடுத்தேன். காலுக்கு அளவெடுத்துச் செருப்புச் செய்ய வேண்டும், அதுவரை சாரம் ஏறக் கூடாது. சாரம் ஏறாவிட்டால் கூலி என்ன ஆவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாரும் அவரும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசி, மேற்பார்வை வேலை மட்டும் தரும் ஓர் ஒப்பந்தக்காரரை நினைவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கணக்குத் தீர்க்கும்போது தகராறு. மலையில் தான் ஓட்டவில்லை என்பதால் இரண்டாம் நாள் படி வேண்டாம் என்றார் தம்பி. நான் திணிக்க, அவர் மறுக்க, சார் உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, நோட்டுகளை எண்ணி, தம்பியின் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார்.

மதிய ரயிலுக்கு என்னை ஸ்டேஷனில் விடுவதும் அதே தம்பிதான். பெட்டியை ஏற்றியாகிவிட்டது. சமையல்கார அம்மாள் கத்தரிக்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சார், கார் நகரும்போது ஜன்னலைத் தட்டினார்.

"அடுத்த முறை கல்வராயன் மலை. அங்கே வளைவு குறைவு, நீ தாங்குவாய்."